இடக்கதவும் வலக்கதவும்: துரு தடுப்பு ப்ரைமர் அனுபவம்

முட்டத்தில் எங்கள் வீட்டுக் கேட் கடலைப் பார்த்து நிற்கிறது. மாலையில் அதன் கம்பியைத் தொட்டுவிட்டு விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். பங்குனியில் ரெட் ஆக்சைடு ப்ரைமரை அடிப்பூச்சாக அடித்து மேலே பெயிண்ட் பூசினால், கார்த்திகைக்குள் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். கடலைவிட்டுத் தள்ளி நாகர்கோவிலில் இருக்கும் என் தங்கை வீட்டிலும் அதே ரெட் ஆக்சைடுதான். அங்கே ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கிறது.

அதனால் 2023 மார்ச்சில் கொஞ்சம் விலை கூடிய ஜிங்க் பாஸ்பேட் ப்ரைமர் வாங்கினேன். சாம்பல் நிறம், ஒரு லிட்டர் டின். வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரெட் ஆக்சைடின் சிவப்பு, இரும்பு ஆக்சைடுதான். ஒரு வகையில் துருவுக்குச் சொந்தக்காரன். அது ஈரத்தை மறித்து நிற்கும், அவ்வளவே. ஜிங்க் பாஸ்பேட்டோ இரும்பின் மேல் மெல்லிய படலத்தை உண்டாக்கி அரிப்பின் வேகத்தைக் குறைக்கிறது.

இரட்டைக் கதவில் இடப்பக்கத்தை நானே முன்னின்று செய்வித்தேன். கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், பிறகு நல்ல தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பு என்பதால் குழாய்த் தண்ணீர் நான்கு குடம் செலவாயிற்று. "டீச்சர், கேட்டையா குளிப்பாட்டுகிறீர்கள்?" என்று பெயிண்டர் தம்பி சிரித்தார். வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே ப்ரைமர். மறுநாள் ஞாயிறு. நான் கோவிலிலிருந்து திரும்புவதற்குள் வலக்கதவை வெறுமனே தேய்த்துத் துடைத்துவிட்டு, அதிகாலைப் பனி ஈரம் போகும் முன்பே பூசி முடித்திருந்தார். இரண்டுக்கும் ஒரே டின், ஒரே கை, இரண்டு கோட்டு, மேலே ஒரே வெள்ளை எனாமல். (வெள்ளைப் பெயிண்டுக்கான டைட்டானியம் டை ஆக்சைடு இல்மனைட் என்ற தாதுவிலிருந்து வருவது. அந்த இல்மனைட் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.)

முதல் தென்மேற்குப் பருவமழை முடிந்தபோதே வலக்கதவில் மிளகளவு கொப்புளங்கள். நகத்தால் கீறினால் உள்ளே தண்ணீர், அதற்கடியில் துரு. பூச்சுக்கு அடியில் சிக்கிய உப்பு, வெளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எந்த ப்ரைமர் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இரண்டாவது பருவமழையும் போனது. இடக்கதவில் வெல்டிங் மூட்டுகளிலும் கம்பி விளிம்புகளிலும் மட்டும் பழுப்புக் கோடு. விளிம்பில் பூச்சு மெலிந்துதான் நிற்கும் என்பதால் அங்கே தூரிகையால் தனியாக ஒரு கை முதலில் கொடுத்திருக்க வேண்டும். அது என் தவறு.

டின்னைப் பற்றியும் ஒரு குறை உண்டு. ப்ரைமர் அடியில் களிமண்போல உறைந்து கிடந்தது. குச்சியால் கால்மணி நேரம் கிளற வேண்டியிருந்தது. கிளறாமல் மேலாக ஊற்றியிருந்தால் பாஸ்பேட் டின்னிலேயே தங்கியிருக்கும். வாடையும் கடுமை. ப்ரைமர் பூசியதோடு விட்டுவிட்டு எனாமலைத் தள்ளிப்போடவும் கூடாது. தனியாக நின்றால் அது ஈரத்தை உள்ளே விடும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். வலக்கதவைச் சுரண்டிவிட்டு அதே ப்ரைமரைத்தான் மறுபடியும் பூசப்போகிறேன். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை வேலை வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியாயிற்று.