டேங்கர் கப்பலைத் தேட மரைன்டிராஃபிக்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

ராணிப்பேட்டை சிப்காட்டில் ரசாயனச் சரக்குக்குக் காத்திருப்பவருக்கும், டேங்கரில் பிள்ளை வேலை பார்க்கும் காட்பாடி, குடியாத்தம் வீடுகளுக்கும் கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் காட்டும் மரைன்டிராஃபிக் தளத்தின் இலவசக் கணக்கு பாதி வேலையைச் செய்துவிடும். மீதிப் பாதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கப்பல் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஒரே பெயரில் இழுவைப் படகும் இருக்கும், எண்ணெய்க் கப்பலும் இருக்கும். கம்பெனி விற்றால் பெயரும் மாறிவிடும். கப்பலின் நிரந்தர அடையாளமான 7 இலக்க ஐஎம்ஓ எண் மட்டும் கப்பலை உடைக்கும் வரை மாறாது. எண்ணில் சந்தேகம் இருந்தால் முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். விடையின் கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கப்பலின் ரேடியோ அடையாளமான 9 இலக்க எம்எம்எஸ்ஐ எண் கொடியோடு சேர்ந்து மாறும்: 419 என்று தொடங்கினால் இந்தியக் கொடி, 636 என்றால் லைபீரியா.

இடம், வேகம், திசை மூன்றும் கப்பலின் இருப்பிடத்தை ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியிலிருந்து தானாக வருபவை, பொதுவாக நம்பலாம். வளைகுடா போன்ற பகுதிகளில் ஜிபிஎஸ்ஸைக் குழப்பும்போது மட்டும் கப்பல் தரைமேல் நிற்பதுபோலக் காட்டும். சேருமிடம், வந்துசேரும் நேரம், மிதவை ஆழம் (கப்பல் தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் அளவு), நங்கூரமா ஓட்டமா என்ற நிலை எல்லாம் கப்பலில் ஒருவர் கையால் தட்டுவது. பழைய துறைமுகத்தின் பெயரே நாள் கணக்கில் கிடக்கும். டேங்கர்களில் ‘ஃபார் ஆர்டர்ஸ்’ என்றும் போடுவார்கள்; எங்கே போவது என்று உத்தரவு இன்னும் வரவில்லை என்று பொருள். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். நிலை ‘ஓட்டம்’ என்றிருந்தாலும் வேகம் பூஜ்யத்தை ஒட்டி, தடம் சிறு வட்டமாகச் சுழன்றால் நங்கூரம் போட்டாயிற்று.

சரக்கு என்ன என்பதை இலவசக் கணக்கு நேராகச் சொல்லாது. மிதவை ஆழம் கூடினால் ஏற்றியிருக்கிறது, குறைந்தால் இறக்கியிருக்கிறது என்று ஊகிக்கலாம். அதுவும் கையால் தட்டியதுதான்.

நடுக்கடலில் கப்பல் வரைபடத்திலிருந்து காணாமல் போவதுதான் வீட்டில் இருப்பவர்களைப் பதற வைக்கிறது. ஏஐஎஸ் கருவி விஎச்எஃப் என்ற ரேடியோ அலையில் பேசுகிறது. கரையில் உள்ள ஆன்டெனாவுக்குச் சுமார் 40 கடல் மைல்தான் எட்டும். அதற்கப்பால் செயற்கைக்கோள் தகவல் வேண்டும், அதற்குக் காசு கட்ட வேண்டும். ‘கடைசியாகக் கிடைத்த நேரம்’ எவ்வளவு பழையது என்பதை முதலில் பாருங்கள். வளைகுடாவிலிருந்து சென்னை வரும் டேங்கர் இலங்கைக்குத் தெற்கே போனால் வழி தவறவில்லை. பாக் நீரிணையில் ஆழம் போதாது, சுற்றித்தான் வர வேண்டும்.

உரிமையாளர், நிர்வாகக் கம்பெனி, துறைமுகச் சோதனைகளில் பிடிபட்ட குறைகள் வேண்டுமென்றால் ஈக்வாசிஸ் (Equasis) என்ற இணையதளத்துக்குப் போங்கள். பதிவு செய்தால் போதும், கட்டணம் இல்லை. தோற்றம் பழையதுதான். ஆனால் பிள்ளையைப் புதுக் கப்பலுக்கு அனுப்பும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும்: கப்பலை எத்தனை முறை தடுத்து வைத்தார்கள், எதற்காக என்று அதில் இருக்கும்.