வெளுத்த பம்பருக்கு செராகோட் ட்ரிம் கோட்: பளபளப்பு கேட்காதீர்கள், கறுப்பு கேளுங்கள்

பெயிண்ட் எவ்வளவு மின்னினாலும் சரி, பம்பரின் அடிப்பகுதியும் வீல் ஆர்ச்சைச் சுற்றி வரும் கறுப்பு பிளாஸ்டிக்கும் சாம்பல் பூத்துக் கிடந்தால் வண்டிக்கு வயசு கூடிவிடும். என் கார் வெட்டவெளியில் நிற்கிற கார். ஒரு பக்கம் மட்டும் மதிய வெயிலை நேராக வாங்கும். அந்தப் பக்கத்து கிளாடிங்கும் (வண்டியின் அடிவிளிம்பைச் சுற்றி வரும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை), வைப்பருக்குக் கீழே கண்ணாடியை ஒட்டி ஓடும் கவுல் பேனலும் அடியோடு வெளுத்துப் போயிருந்தன. செராகோட் செராமிக் ட்ரிம் கோட்டை வாங்கியது முக்கியமாக இந்த இரண்டு இடங்களுக்காகத்தான்.

செராகோட் என்றால் துப்பாக்கிகளுக்குப் பூசும் கோட்டிங்குக்குப் பெயர் போனது. கார் பிளாஸ்டிக்குக்கென்று அவர்கள் தருவது ஒரு சின்னப் பெட்டி. உள்ளே 10 வைப்ஸ், அதாவது துடைக்கும் துணித் துண்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில், திரவத்தில் ஊறிய நிலையில் இருக்கும். 200 முறை கழுவினாலும் நிற்கும் என்பது தயாரிப்பாளரின் வாக்கு. அந்தக் கணக்கை எட்டும் அளவுக்கு நான் இன்னும் கழுவவில்லை. ஆனால் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்த பிறகும் பூசிய இடம் பூசாத இடத்தோடு சேர்ந்து வெளுக்கவில்லை. தண்ணீர் பட்டால் இப்போதும் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது.

இந்த பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். கொஞ்சம் ரப்பர் தன்மையுள்ள பொருளும், டால்க் தூளும், கறுப்புக்கு கார்பன் பிளாக்கும் கலந்து செய்வார்கள். மேலே பெயிண்டும் கிடையாது, பெயிண்டைக் காக்கும் நிறமற்ற கிளியர் கோட்டும் கிடையாது. வெயிலின் புற ஊதாக் கதிர் நேராக இறங்கி மேல்தோலில் உள்ள பாலிமர் சங்கிலிகளை அறுக்கிறது. நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன, உள்ளே இருந்த தூள் வெளியே எட்டிப் பார்க்கிறது, வெளிச்சம் அந்தச் சொரசொரப்பில் பட்டுச் சிதறுகிறது. நம் கண்ணுக்கு அது சாம்பலாகத் தெரிகிறது. பெரும்பாலான வண்டிகளில் கறுப்பு எங்கும் போய்விடவில்லை, அந்தச் சிதறலுக்கு அடியில் அப்படியேதான் இருக்கிறது.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வெளுத்த இடத்தை நன்றாகக் கழுவிவிட்டு ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். நனைந்ததும் நல்ல கறுப்பாகத் தெரிந்தால் இந்தக் கோட்டிங் உங்கள் வண்டிக்கு வேலை செய்யும். தண்ணீர் அந்த வெடிப்புகளில் நிரம்பிக் காட்டுவதைத்தான் இது காய்ந்து இறுகிய பிறகும் காட்டும். நனைந்தும் திட்டுத் திட்டாகச் சாம்பலே தெரிகிறதா? அப்படியென்றால் மேல்தோல் மிக ஆழமாகக் கெட்டிருக்கிறது. அதற்கு சொல்யூஷன் ஃபினிஷ் மாதிரி கறுப்புச் சாயம் சேர்ந்த பொருள்தான் பொருத்தம்.

துடைக்கும் வேலை நிமிஷக் கணக்கில் முடிந்துவிடும். நேரத்தை எல்லாம் சுத்தம் செய்வதுதான் தின்னும். அதில் அவசரப்பட்டால் பெட்டியில் என்ன இருந்தாலும் வீண். ஷாம்பு போட்டுக் கழுவுவது போதவே போதாது. ஏற்கெனவே பூசிய எண்ணெய், சிலிக்கான், பெயிண்டுக்கு வாக்ஸ் போட்டபோது வழிந்து வெள்ளையாகக் காய்ந்த கறை எல்லாம் அந்தச் சொரசொரப்பின் குழிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். ஆல் பர்பஸ் கிளீனரில் தண்ணீர் கலந்து தெளித்து, நடுத்தர நைலான் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தேன். நுரை பழுப்பாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி தெளித்தேன், மறுபடி பழுப்பு. நுரை வெள்ளையாகவே நிற்கும்வரை விடக்கூடாது. அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடைப்பு. துணியில் ஒன்றும் ஒட்டாமல் வந்தால் சரி. இந்தக் கட்டத்தில் பிளாஸ்டிக் முன்னைவிட மோசமாக, சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளிறிக் காட்டும். பயப்பட வேண்டாம், அதுதான் சரியான அறிகுறி.

அடுத்தது காய வைப்பது. கவுல் பேனலின் இணைப்புகளிலும் கிளாடிங்கின் விளிம்புக்குப் பின்னாலும் தண்ணீர் ஒளிந்திருந்து, நீங்கள் பூசிக்கொண்டிருக்கும்போது ஒரு கோடாக வழிந்து வரும். காற்றடிக்கும் பம்போ ப்ளோயரோ இருந்தால் அந்த இடுக்குகளில் அடித்து வெளியேற்றிவிடுங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, பிளாஸ்டிக் தொட்டால் சூடில்லாமல் இருக்கும்போதுதான் தொடங்க வேண்டும். பெயிண்டை ஒட்டிய விளிம்பில் மாஸ்கிங் டேப், கையில் உறை. வாடை தூக்கலாக இருக்கும் என்பதால் மூடிய ஷெட்டில் வேண்டாம்.

இனி வைப்ஸ். பையைக் கிழித்ததும் வைப்பை நான்காக மடித்து, ஒரு பேனலின் ஒரு முனையில் வைத்து அடுத்த முனைவரை ஒரே திசையில் இழுத்துச் சென்றேன். கை போன வழியே கறுப்பு விழுகிறது. சாம்பலுக்கும் கறுப்புக்கும் நடுவே எல்லைக்கோடு துணியோடு கூடவே நகர்கிறது. முதல் இழுப்பில் குழிகளுக்குள் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் நின்றன. அதே வைப்பைக் குறுக்குவாட்டில் ஒருமுறை ஓட்டியதும் அவை நிரம்பிவிட்டன. கடைசியாக அழுத்தாமல் நீளவாட்டில் ஒரு தடவல். முடிவு செய்ய அதிக நேரம் கிடைக்காது. திரவம் பிசுக்கென்று இழுக்கத் தொடங்கியதும் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும், திரும்பித் தேய்த்தால் கோடு விழும். விளிம்பில் தேங்கியதை உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இந்த வகைக் கோட்டிங் எல்லாமே இறுகினால் கெட்டியாகிவிடும், நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. ஒரு பேனலைப் பாதியில் விட்டு டீ குடிக்கப் போகிற வேலையும் இல்லை.

பூசிய பின் அன்று முழுவதும் ஈரம் படவிடவில்லை. மறுநாள் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கறுப்பின் தன்மை. எண்ணெய் தடவிய மினுமினுப்பு இல்லை, விரலால் தொட்டால் ஒட்டவில்லை, புதிய வண்டியின் பிளாஸ்டிக்கில் இருக்கும் அதே அடங்கிய கறுப்பு. சொரசொரப்பும் அப்படியே இருக்கிறது. சிலிக்கான் எண்ணெய் வகைகளை நானும் பல காலம் பூசியிருக்கிறேன். அவை வெடிப்புகளை நிரப்பிக் கறுப்பு காட்டுவது உண்மைதான், ஆனால் இறுகுவதில்லை. மழை வந்தால் பெயிண்டில் கோடு கோடாக வழியும், தூசி வந்து ஒட்டும், சில கழுவலில் கதை முடிந்துவிடும். நாளைக்கே வண்டியைப் படம் எடுத்து விற்கிறவருக்கு அது போதும். வைத்து ஓட்டுகிறவர் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

ஹீட் கன்னால் சூடு காட்டிக் கறுப்பை வரவழைக்கும் வித்தையையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாலிப்ரோப்பிலீன் ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸில் உருகும். ஹீட் கன் அதைவிட மிக அதிகமாகச் சூடு தரும். மேல்தோல் லேசாக இளகி வெடிப்பு மூடுவதால்தான் கறுப்பு திரும்புகிறது. கை ஒரு கணம் தாமதித்தால் சொரசொரப்பு அழிந்து வழுவழுவென்று ஒரு திட்டு நிரந்தரமாக நின்றுவிடும், பக்கத்துப் பெயிண்டுக்கும் ஆபத்து. அதோடு, வெயிலிலிருந்து எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. மறுபடி வெளுக்கும்.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது. கதவுகளின் ரப்பர் பீடிங்கிலும் டயரிலும் போடாதீர்கள். அவை வளைந்து நெளிகிற பொருள்கள், அவற்றுக்குத் தண்ணீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங் போதும். பளபளவென்று பெயிண்ட் அடித்த கறுப்பு பில்லர்களும் கிரில்லும் வேறு இனம், அவற்றைப் பாலிஷ் செய்ய வேண்டுமே தவிர இதைப் பூசக்கூடாது. கால் வழுக்கும் என்பதால் ஏறும் படியிலும் நான் பூசவில்லை.

எவ்வளவு இடத்துக்கு வரும் என்பது பிளாஸ்டிக் எவ்வளவு தாகமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் கவுல் பேனல் கிளாடிங்கைவிட அதிகம் குடித்தது. சின்னக் காருக்கு ஒரு பெட்டி தாராளம். சுற்றிலும் அகலமாக கிளாடிங் உள்ள எஸ்யூவிக்கு இரண்டு பெட்டி எடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். பை கிழித்த வைப் காய்ந்து வீணாகும், ஆகவே ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்ததைக் கிழிக்க வேண்டும். வெளுப்பு அதிகமுள்ள பக்கத்திலிருந்தே தொடங்குங்கள்.