எஸ்14 சில்வியாவில் சிடி009 கியர்பாக்ஸ்: ஒன்றரை ஆண்டு ஓட்டிய பிறகு

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு டிரிஃப்ட் பயிற்சி நாளன்று என் நிசான் சில்வியாவின் பழைய ஐந்து கியர் பெட்டி உயிரை விட்டது. டிரிஃப்ட் என்றால் பின்சக்கரங்களை வேண்டுமென்றே சறுக்கவிட்டு வளைவுகளை எடுப்பது. எண்ணெய் அடைப்பானைக் கழற்றினேன். அதன் காந்தத்தில் மூன்றாம் கியர்ப் பல்லின் துண்டு ஒன்று, உடைந்த கடைவாய்ப்பல் போல ஒட்டிக்கொண்டு வந்தது. கிளட்சை மிதித்து, இஞ்சினை உறுமவிட்டு, படாரென்று விடுவதுதான் எங்கள் பிழைப்பு. அந்த அடி முழுவதும் போய் விழுவது இந்தப் பற்களின் மேல்தான்.

அதே பெட்டியில் இன்னொன்று வாங்குவதா, பெரியதற்கு மாறுவதா என்று மூன்று மாதம் அல்லாடினேன். கடைசியில் நிசான் 350இசட் காரின் ஆறு கியர் சிடி009 பெட்டியைப் பொருத்தினேன்.

வலிமைக்காகத்தான் எல்லோரும் இதைச் சிபாரிசு செய்கிறார்கள். வலிமை உண்மைதான், ஆனால் எனக்கு இதைப் பிடித்துப்போன காரணம் வேறு. பழைய பெட்டியில் இரண்டாம் கியர் விகிதம் 1.902, மூன்றாவது 1.308. இரண்டில் நிமிடத்துக்கு 7,000 சுற்றுவரை இழுத்து மூன்றுக்கு மாற்றினால் இஞ்சின் 4,800க்கு விழும். இஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ மறுபடி மூச்சுப் பிடிப்பதற்குள் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் கிடைத்து, சறுக்கிக்கொண்டிருந்த கார் நிமிர்ந்துவிடும். இரண்டுக்கு வேகம் அதிகம், மூன்றுக்கு வேகம் போதாது என்னும் வளைவுகளில் எத்தனை நாள் திண்டாடியிருப்பேன்! சிடி009இல் மூன்றாவது 1.624, நான்காவது 1.271. பழைய மூன்று செய்த வேலையைப் புதிய நான்கு செய்கிறது, அதற்கு அடுத்த கீழ்ப்படியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதே 7,000இல் மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றினால் 5,500க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறது, டர்போ விழித்தே இருக்கிறது. முதன்முதலாக ஒரு நீண்ட வளைவை, நடுவில் கியர் மாற்றியும் டயர்ப் புகை அறுபடாமல் முடித்த அன்று, காரை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பொருத்துவது எளிதல்ல. இந்தப் பெட்டியில் கிளட்சை மூடும் முன்கூடு உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. சில்வியாவின் எஸ்ஆர்20 இஞ்சினில் அது உட்காராது. முன்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, பொருத்துத் தகடு வைத்துத்தான் இணைக்க வேண்டும். "தம்பி, அறுத்த பிறகு ஒட்ட முடியாது. உறுதியாகத்தான் சொல்கிறாயா?" என்று பட்டறை அண்ணன் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கருவியை எடுத்தார். பெட்டியிலிருந்து பின்பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் புதிதாக அளவெடுத்துச் செய்தோம், பெட்டிக்கு மேலுள்ள தரைமேட்டைச் சுத்தியலால் தட்டி இடம் உண்டாக்கினோம். பெட்டியும் கனம், மேலே ஏற்றும்போது இருவர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. பெட்டியின் விலையைவிட இந்தச் செலவுதான் அதிகம்; முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள்.

வாங்குவதிலும் ஒருமுறை ஏமாந்தேன். பழைய கார்களை வெட்டிப் பாகங்களை விற்கும் ஒரு ஹாஃப்கட் கடையில் சிடி009 என்று சொல்லிக் கொடுத்த பெட்டி, மூன்றாம் கியருக்குப் போகும்போதெல்லாம் கரகரவென்று அரைத்தது. பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஆரம்பகாலப் பெட்டி. கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ வளையங்களின் தொல்லைக்குப் பேர்போனது. அந்தக் குறையைச் சரிசெய்து பின்னால் வந்ததுதான் சிடி009. எண் எழுதிய ஒட்டுத்தாள் உரிந்துபோயிருந்ததை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். எண் தெரியாத பெட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள். எண்ணெய் விஷயத்திலும் பிடிவாதமாக இருங்கள்: நிசான் சொல்வது ஜிஎல்-4 வகை, 75டபிள்யூ-85. கையில் இருக்கிறதே என்று ஜிஎல்-5 ஊற்ற வேண்டாம். நான் இரண்டு பயிற்சி நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன், நம் ஊர் வெயிலுக்கு அது அதிகமில்லை.

நண்பர் ஒருவரின் காரையும் ஓட்டிப் பார்த்தேன். அதில் இருப்பது டாக் பாக்ஸ், அதாவது சிங்க்ரோ இல்லாத பந்தய கியர் பெட்டி. மாற்றும் வேகம் அபாரம். ஆனால் அடிக்கடி பிரித்துப் பார்த்துத் தேய்ந்ததை மாற்ற வேண்டும், சாலையில் ஓட்டினால் காது வலிக்கும். போட்டிக்கென்றே கார் வைத்திருப்பவர்களுக்கு அது சரி.

இஞ்சினில் கை வைக்காத, கம்பெனி அளவு சக்தியில் இருக்கும் எஸ்14 என்றால், நல்ல பழைய ஐந்து கியர் பெட்டியே போதும். மிச்சப் பணத்துக்கு டயர் வாங்குங்கள். டர்போவைப் பெரிதாக்கிவிட்டவர்கள் அந்தப் பணத்தைச் சிடி009க்குப் போடலாம். என் பெட்டியில் இதுவரை ஒரு பல்லும் போகவில்லை. காரைக் கிளப்பியதும் இரண்டாம் கியர் மட்டும் முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, எண்ணெய் சூடேறியதும் சரியாகிவிடுகிறது.