ரத்தப் படலம்: கீழே வைக்க முடியாத கதை

சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தமிழில் கொண்டுவந்ததில் எனக்கு என்றைக்கும் முதலிடம் 'ரத்தப் படலம்'தான். கடற்கரையில் ஒதுங்கிய ஒருவன், தலையில் குண்டுக்காயம், பழைய நினைவு மொத்தமும் போய்விட்டது, கழுத்தெலும்புப் பக்கம் ரோமன் எண்ணில் 13 என்று பச்சை குத்தியிருக்கிறது, அவ்வளவுதான் அவனுக்குக் கிடைக்கும் துப்பு. அப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்க மனசு வராது. 1984இல் பெல்ஜியத்தில் ஆரம்பித்த தொடர். கதை வான் ஹாம், ஓவியம் வில்லியம் வான்ஸ். வான்ஸ் வரைந்த பனியைப் பாருங்கள், வசனமே இல்லாத கட்டத்தில்கூடக் குளிரும். நடுவில் பெயர்கள் கொஞ்சம் குழப்பும், நான் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டுதான் படித்தேன். வண்ணப் பதிப்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். எனக்குத் தபாலில் வந்த பிரதி மூலை மடங்கியிருந்தது, அது மட்டும் வருத்தம்.