பெட்டியில் ‘சப்போர்ட்’ என்று இருந்தால் போதுமா? ஹோம் தியேட்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஹோம் தியேட்டர் பெட்டிகளில் ஆளை அதிகம் குழப்புவது ‘கம்பேட்டிபிள்’ என்ற சொல்தான். எந்த போர்ட்டில், எந்த ஃபார்மேட்டில், எந்த அளவுக்கு என்று அது சொல்லாது. வாங்கி ஓரிரு வருடம் கழித்து புது டிவியோ கேம் கன்சோலோ வந்து சேரும்போதுதான் குறை தெரியும். அதனால் விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டு, அந்த மாடலின் முழு மேனுவலை இறக்கிப் பாருங்கள். ஆடியோ ஃபார்மேட், ஹெச்டிஎம்ஐ சிக்னல் அட்டவணைகள் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

ஹெச்டிஎம்ஐ 2.1 என்ற பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதன் புது வசதிகள் எல்லாமே விருப்பத்துக்கு உட்பட்டவை. 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 18 ஜிகாபிட்) வேகம் மட்டுமே தாங்கும் போர்ட்டுக்கும் 2.1 என்று பெயர் வைக்க முடியும். 4கே 120 ஹெர்ட்ஸ், 10 பிட் படம் முழு நிறத் தகவலோடு, சுருக்கப்படாமல் போக சுமார் 40 ஜிபிபிஎஸ் வேண்டும். 24 ஜிபிபிஎஸ் போர்ட்டில் டிஎஸ்சி என்ற படச் சுருக்க முறை இல்லையென்றால் நிறத் தகவலைக் கால்வாசியாக (4:2:0) குறைத்துத்தான் அனுப்ப முடியும். ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) ஏழு இன்புட் இருந்தாலும், இந்த வேகம் எத்தனையில் கிடைக்கிறது என்பதைத் தனியாகப் பாருங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஒலியில்தான். ‘அட்மாஸ் சப்போர்ட்’ (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கச் செய்யும் டால்பியின் முறை) என்பதற்குப் பின்னால் மூன்று வழிகள் உண்டு. ஸ்ட்ரீமிங் ஆப்களின் அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய ஃபார்மேட்டில் வருகிறது. டிவி அதை அப்படியே கடத்தினால் சாதாரண ஆர்க் (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே சவுண்ட்பாருக்கோ ரிசீவருக்கோ அனுப்பும் வசதி) போதும். ப்ளூரே டிஸ்கில் இருப்பது தரம் குறையாத ட்ரூஹெச்டி ஃபார்மேட். அது ஆர்க்கில் போகாது, அதன் மேம்பட்ட வடிவமான இஆர்க் கட்டாயம். சில ஸ்ட்ரீமிங் பெட்டிகள் அட்மாஸை டால்பி மேட் என்ற இன்னொரு ஃபார்மேட்டில் அனுப்பும். டிவி வழியாக என்றால் அதற்கும் இஆர்க் தேவை. பழைய ஆப்டிக்கல் ஆடியோ கேபிளில் இந்த மூன்றுமே வராது.

டால்பிக்குப் போட்டியான டிடிஎஸ் ஒலி ஃபார்மேட் இன்னொரு சிக்கல். சவுண்ட்பாரில் டிடிஎஸ் இருந்தும், டிவி அதைக் கடத்தாவிட்டால், டிவியில் செருகிய பிளேயரில் டிஸ்க் ஓடும்போது ஒலியே வராமல் போகலாம். டிவியின் மேனுவலில் டிடிஎஸ் பாஸ்த்ரூ (மாற்றாமல் அப்படியே கடத்துவது) என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிளேயரை நேரே சவுண்ட்பாரில் செருக வேண்டிவரும். அப்போது சவுண்ட்பாரின் ஹெச்டிஎம்ஐ இன்புட், 4கே 60 ஹெர்ட்ஸையும், டால்பி விஷன் என்ற ஹெச்டிஆர் படத்தையும், ஹெச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டையும் கடத்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹெச்டிசிபி ஒத்துப்போகாவிட்டால் படம் 1080பி-க்கு இறங்கும், அல்லது திரை கறுத்துவிடும். இன்புட்டே இல்லாத சவுண்ட்பார்களும் உண்டு. டிவியில் டிடிஎஸ் இல்லாதவர்கள் அவற்றைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

வாட்ஸ் கணக்கில் எண்ணை விட்டுவிட்டு நிபந்தனையைப் படியுங்கள். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), 2 சேனல், 0.08 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்று இருந்தால் நம்பலாம். 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே சேனல், 10 சதவீத டிஸ்டார்ஷன் என்றால் அந்தப் பெரிய எண் வேறு கணக்கு. குறைந்தபட்சம் 6 ஓம் என்று சொல்லும் ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டி சத்தம் கூட்டினால், சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளும் புரொடெக்ஷன் நிலைக்குப் போய் அணைந்துவிடலாம். வயர்லெஸ் ரியர் ஸ்பீக்கரைப் பிறகு சேர்க்க நினைத்தால், அதன் மேனுவலில் உங்கள் சவுண்ட்பாரின் மாடல் எண்ணே இருக்க வேண்டும். ஒரே பிராண்ட் என்பது போதாது.

முழு வேகத்துக்கான ஹெச்டிஎம்ஐ கேபிளின் பெட்டியில் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ சான்றிதழ் ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பாருங்கள். நீளம் கூடினால் ஆப்டிக்கல் ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கலாம். ஆனால் அதற்குத் திசை உண்டு: ‘சோர்ஸ்’ முனை பிளேயர் பக்கம், ‘டிஸ்ப்ளே’ முனை டிவி பக்கம். திருப்பிச் செருகினால் படம் வராது. சுவருக்குள் ஓட்டும் முன் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும். டிவியில் இஆர்க்கையும் சிஇசியையும் (ஹெச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி) ஆன் செய்து, டிஜிட்டல் ஆடியோ அவுட்டைப் பாஸ்த்ரூவில் வையுங்கள். அட்மாஸ் உள்ள படத்தை ஓடவிட்டு ரிசீவரின் முகப்புத் திரையைப் பாருங்கள். ‘பிசிஎம் 2.0’ (வெறும் இரண்டு சேனல் ஸ்டீரியோ) என்று காட்டினால், முதலில் டிவியின் ஒலி செட்டிங்கைத் திரும்பப் பாருங்கள். அது பிசிஎம்மில் நின்றிருந்தால் ரிசீவருக்கு இரண்டே சேனல்தான் வரும்.