வைல்ட்ரோஸா, பழைய டோரியா: 2012இல் நான் ஏன் அப்படி ஓட்டுப் போட்டேன்

2012 ஏப்ரல் 23. குடியுரிமை கிடைத்தபின் நான் போட்ட முதல் மாகாண ஓட்டு. கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தில், வடகிழக்கு கால்கரியில் ஒரு பள்ளிக்கூட ஜிம்முக்குள், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பென்சிலோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அன்று வலதுசாரி வைல்ட்ரோஸ் கட்சியின் தலைவராக இருந்த டேனியல் ஸ்மித் 2022இல் அல்பர்ட்டா முதல்வராகிவிட்டதால், "அப்பவே அவங்களுக்குப் போட்டிருக்கலாமே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் டோரிக்குத்தான், அதாவது அன்றைய ஆளுங்கட்சியான முற்போக்கு பழமைவாதக் கட்சிக்குத்தான் போட்டேன். அதே நாள் திரும்பி வந்தாலும் அதற்கே போடுவேன்.

வரி, எண்ணெய் இரண்டிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. மாகாண விற்பனை வரி வேண்டாம், எண்ணெய்த் தொழில் வளர வேண்டும் என்பதுதான் இரண்டு கட்சியின் நிலையும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

வைல்ட்ரோஸ் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 1971இல் பீட்டர் லாஹீட் ஜெயித்ததிலிருந்து டோரிக் கட்சி அதுவரை நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. 2008க்குப் பிறகு ஒருமுறைகூடக் கூட்டம் நடத்தாத ஒரு சட்டமன்றக் குழுவின் உறுப்பினர்களுக்கு மாதம் 1000 டாலர் போய்க்கொண்டிருந்தது அந்தத் தேர்தல் சமயத்தில்தான் வெளியே வந்தது. இப்படி ஒரு ஆட்சிக்கு வலது பக்கத்திலிருந்து ஒரு குட்டு விழ வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. அப்போதைய டோரி முதல்வர் எட் ஸ்டெல்மாக் 2007இல், எண்ணெய் நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் ராயல்டியை உயர்த்தப் போவதாக அறிவித்ததும் கால்கரி எண்ணெய் வட்டாரத்தின் கோபமும் பணமும் வைல்ட்ரோஸ் பக்கம் திரும்பின. பட்ஜெட்டில் உபரி வந்தால் ஆளுக்கு 300 டாலர் தருவோம் என்றார்கள் வைல்ட்ரோஸ்காரர்கள். ஏப்ரல் சேற்றில் பூட்ஸ் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்த தொண்டர் அதை முகம் மலரச் சொன்னார், நம்பித்தான் சொன்னார்.

கிராமப்புறக் கோபம் வேறு. மின்கோபுரப் பாதைக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் அரசு கொண்டுவந்த சட்டங்கள் தங்கள் நிலத்தின் மீதான உரிமையைப் பறிக்கின்றன என்று தெற்கு அல்பர்ட்டா விவசாயிகள் கொதித்தார்கள். எனக்கு அங்கே ஒரு ஏக்கர்கூட இல்லை, அந்தக் கோபத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவன் நான். நிலம் வைத்திருந்தால் என் கணக்கு மாறியிருக்கலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றுதான்: தன் ஆள் தப்பாகப் பேசினால் கட்சி என்ன செய்கிறது? எங்கள் தொகுதி கால்கரி-கிரீன்வே. டோரி வேட்பாளர் மன்மீத் புல்லர், டர்பன் கட்டிய இளைஞர். எதிரே நின்ற வைல்ட்ரோஸ் வேட்பாளர், வெள்ளைக்காரராக இருப்பது தனக்கு ஒரு சாதகம், சீக்கியரோ முஸ்லிமோ பேசினால் பெரும்பாலும் தங்கள் மக்களோடு மட்டும்தான் பேசுவார்கள், தன்னால்தான் எல்லோரோடும் பேச முடியும் என்கிற மாதிரி ரேடியோவில் சொன்னார். பிறகு மன்னிப்புக் கேட்டார், சரி. எட்மன்டனில் இன்னொரு வைல்ட்ரோஸ் வேட்பாளர், ஓரினச் சேர்க்கையாளர்கள் நெருப்பு ஏரியில் வேதனைப்படுவார்கள் என்று ஏற்கனவே எழுதி வைத்திருந்ததும் வெளியே வந்தது. ஸ்மித் இரண்டு பேரையும் வேட்பாளர்களாகவே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வேட்பாளரும் தனக்குச் சாதகமானதைச் சொல்லித்தானே ஓட்டுக் கேட்பார் என்பதுதான் எங்கள் தொகுதிக்காரரைப் பற்றி அவர் முதலில் சொன்னது. இதைக் கேட்டதும் எனக்கு 300 டாலர், ராயல்டி, குழுச் சம்பளம் எல்லாம் பின்னால் போய்விட்டன. நாளைக்கு என் மகளின் பள்ளியில் ஏதாவது நடந்து, நான் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகக் கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் என்னை யாராகப் பார்ப்பார்? டோரிகள் பணத்தை வீணடித்தார்கள், உண்மைதான். ஆனால் வீணான பணத்தை அடுத்த பட்ஜெட்டில் கேள்வி கேட்கலாம். இதை எந்த பட்ஜெட்டில் கேட்பது?

கருத்துக்கணிப்பெல்லாம் வைல்ட்ரோஸ் என்றது. வந்தது டோரி 61, வைல்ட்ரோஸ் 17. எட்மன்டனில் வைல்ட்ரோஸுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

என் ஓட்டு பிறகு எனக்கு முழு நிம்மதி தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் நம்பிய டோரி முதல்வர் அலிசன் ரெட்ஃபோர்ட், பயணச் செலவுப் பிரச்சினையில் சிக்கி 2014 மார்ச்சில் பதவி விலகினார். அதே வருஷம் டிசம்பரில் ஸ்மித்தே எட்டு எம்.எல்.ஏ.க்களைக் கூட்டிக்கொண்டு டோரிக்குத் தாவினார். வைல்ட்ரோஸுக்கு நம்பிப் போட்ட அந்த வாசல் தொண்டருக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். 2015 மே மாதம் இரண்டு கட்சியையும் தள்ளிவிட்டு இடதுசாரிப் பக்கம் சாய்ந்த என்.டி.பி. ஆட்சிக்கு வந்தது, டோரிகளின் 44 வருஷ ஆட்சி முடிந்தது.

அந்த அலையிலும் புல்லர் ஜெயித்தார். அதே வருஷம் நவம்பரில், ரெட் டியர் நகரத்துப் பக்கத்தில், பனிக்காற்றில் விபத்துக்குள்ளாகி நின்ற முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவ நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி இறங்கியபோது லாரி மோதி இறந்துபோனார். வயது 35.