ஐஃபெலா, ஈஃபிலா? ஆகன் மாணவனின் சனி ஞாயிறு கணக்கு

"இந்த வாரம் ஐஃபெல் போறேன்மா" என்று போனில் சொன்னேன். அம்மா தெருவெல்லாம், "பையன் ஈஃபில் டவர் பார்க்கப் போறான்" என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை போட்டோ கேட்டார்கள். நான் அனுப்பியதில் மழையில் ஊறிய மரப்பலகைப் பாதையும் அதைச் சுற்றி மூடுபனியும்தான் இருந்தன. "டவர் எங்கடா?" என்றார்.

ஐஃபெல் என்பது நான் எம்.எஸ். படித்த ஜெர்மனியின் ஆகன் நகரத்துக்குத் தெற்கே உள்ள மலைப்பகுதி. அம்மா சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கோபுரத்துக்குப் பெயர் தந்த குஸ்தாவ் ஈஃபிலின் முன்னோர் இந்த மலையிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் பாரிஸுக்குக் குடிபோனவர்கள். போனிக்ஹவுசன் என்ற குடும்பப் பெயர் பிரெஞ்சுக்காரர் வாயில் நுழையாததால், சொந்த மலையின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1880இல்தான் அது சட்டப்படி ஈஃபில் ஆனது.

ஆகனில் படிக்கும் நம் பிள்ளைகளின் வார இறுதிச் சண்டையும் இதேதான். கையில் இருக்கும் டிக்கெட்டில் பக்கத்து மலைக்குப் போவதா, ராத்திரி பஸ் பிடித்துப் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று கிளம்புவதா? இரண்டு வருடம் இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் காசு. நான் வந்த 2023இல் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுக் காட்டும் கணக்கில், 11,208 யூரோ இருக்க வேண்டியிருந்தது, அதிலிருந்து மாதம் 934 யூரோதான் எடுக்க முடிந்தது. (2024 செப்டம்பரிலிருந்து அது 11,904, மாதத்துக்கு 992.) வாடகையும் ஹெல்த் இன்சூரன்ஸும் போக மிச்சத்தில்தான் சாப்பாடு, போன், ஊர் சுற்றல் எல்லாம்.

இங்கேதான் செமஸ்டர் டிக்கெட் வருகிறது. ஜெர்மனி முழுக்க லோக்கல் பஸ், டிராம், ரீஜனல் ரயில் எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளலாம் என்று 2023 மே மாதம் 49 யூரோவுக்கு மாதாந்திர டிக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியில் அது 58 ஆனது. மாணவர்களுக்கு அதில் 60 சதவீதம்தான்: 2024 கோடை செமஸ்டரில் மாதம் 29.40 யூரோ. செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடுவார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் ஏறினால் லாபம், வீட்டில் உட்கார்ந்தால் நஷ்டம். ஐசிஇ, ஐசி போன்ற வேக ரயில்களில் மட்டும் செல்லாது. புதிதாக வருபவர்கள் முதல் மாதம் கட்டாயம் தவறான வண்டியில் ஏறுவார்கள். அபராதம் 60 யூரோ. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இப்போது பாரிஸ். 2024 அக்டோபரில் நான்கு பேர் போனோம். வெள்ளி இரவு பஸ், சனி விடியலில் பாரிஸின் பெர்சி பஸ் நிலையம். ஹாஸ்டல் வாடகைக்குப் பயந்து சனி இரவே திரும்பும் பஸ், அதாவது இரண்டு இரவும் பஸ் சீட்டில்தான் தூக்கம். விடிகாலையில் பாரிஸில் போய் இறங்கினால் என்ன செய்வீர்கள்? நாங்கள் கழிப்பறை தேடினோம். ஒரு மணி நேரம் தேடினோம்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தப் பகல் பொன்னான பகல். லூவர் அருங்காட்சியகத்தில் ஐரோப்பிய நாட்டில் வசிப்பவர்கள் 26 வயது ஆகும்வரை இலவசம். இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட்டைக் காட்டினால் போதும். இது தெரியாமல் காசு கட்டி உள்ளே போனவர்கள் எங்கள் சீனியர்களிலேயே உண்டு. ஈஃபில் கோபுரத்தில் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினோம். இரண்டாவது தளம்வரை 674 படி, டிக்கெட்டும் மலிவு. மேலே நின்றபோது முந்தின இரவின் கழுத்துவலி மறந்துபோனது உண்மைதான்.

திரும்பி வரும்போதுதான் மீட்டர் ஓடியது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருந்தது. ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லைச் சோதனையே இல்லை என்று நினைத்திருந்தோம். நள்ளிரவு தாண்டி பஸ்ஸை ஓரங்கட்டி டார்ச்சோடு போலீஸ் ஏறினார்கள். எங்களில் ஒருவன் பாஸ்போர்ட் எடுத்திருந்தான், ரெசிடென்ஸ் கார்டை அறையில் மறந்திருந்தான். அவனைக் கீழே இறக்கி, கம்ப்யூட்டரில் பார்த்து, திரும்ப ஏற்ற அரை மணி நேரம். பஸ் முழுக்க அவனையே பார்த்தது. அவன் அன்றிலிருந்து கடைக்குப் பால் வாங்கப் போனாலும் கார்டோடு போகிறான்.

ஞாயிறு காலை ஆகனில் இறங்கினோம். ஃபிரிட்ஜில் கடுகு, பாதி வெங்காயம். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் திறக்காது. ஸ்டேஷனில் உள்ள கடைகள் உண்டு, காலையில் பேக்கரி உண்டு, அவ்வளவுதான். அன்று மூன்று வேளையும் பிரெட். பகல் முழுக்கத் தூங்கி, ராத்திரி தூக்கம் வராமல், திங்கள் எட்டரை மணி வகுப்பில் தலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மொத்தச் செலவு 95 யூரோ. அப்போது குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.41 யூரோ. ஆய்வகத்தில் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் அந்தக் காசு வரும். அந்த ஞாயிறு மட்டும் எத்தனை மணி நேரம் பார்த்தாலும் வராது.

ஐஃபெல் பயணத்துக்கு ஞாயிறுதான் சரியான நாள். சனிக்கிழமை கடைக்குப் போய், துணி துவைத்து, சமைத்துவிடலாம். ஞாயிறு வீட்டில் இருந்தாலும் வாக்குவம் கிளீனர் ஓட்டினால் சத்தம் என்று பக்கத்து வீட்டுத் தாத்தா கதவைத் தட்டுவார். அதற்கு எலுமிச்சை சாதத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புவது மேல். ஐஃபெலில் உள்ள மோன்ஷாவ் ஊருக்கு ஆகனிலிருந்து பஸ், சுமார் ஒரு மணி நேரம் ஆகும். ரூர் ஆற்றங்கரையில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், 1882இல் தொடங்கிய கடுகு ஆலை ஒன்று. கடுகைத் தாளிக்க மட்டுமே தெரிந்த நமக்கு, அரைத்து பாட்டிலில் விற்பதைப் பார்த்தால் வேடிக்கைதான். இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் 2004இல் அறிவிக்கப்பட்ட ஐஃபெல் தேசியப் பூங்கா இருக்கிறது.

அம்மாவுக்கு அனுப்பிய அந்த மூடுபனிப் போட்டோ, எல்லைக்கு அப்பால் பெல்ஜியத்தில் இருக்கும் ஹோஹெஸ் ஃபென் சதுப்பு நிலத்தில் எடுத்தது. ஐஃபெலின் தொடர்ச்சிதான் அதுவும். அங்கே உள்ள போத்ராஞ் பெல்ஜியத்தின் மிக உயர்ந்த இடம், 694 மீட்டர். ஆறு மீட்டர் குறைகிறதே என்று 1923இல் ஒரு மண்மேடும் படிக்கட்டும் கட்டி 700 ஆக்கியிருக்கிறார்கள். ஈஃபிலில் 674 படி ஏறியதைவிட இந்த ஆறு மீட்டர் ஏறியதுதான் எனக்குப் பிடித்தது. வரிசை கிடையாது, டிக்கெட் கிடையாது.

குறையும் உண்டு. மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்தது வரும்வரை நிழற்குடையில் குளிரில் நிற்க வேண்டும். ஒருமுறை கடைசி பஸ்ஸே வரவில்லை. ஒரு விவசாயி காரில் ஏற்றிக்கொண்டு பாதி தூரம் விட்டார். வழி முழுக்க அவர் மாடுகளைப் பற்றி ஜெர்மனில் பேசினார், நான் "யா, யா" என்றே சமாளித்தேன். அப்புறம், வந்தவுடனே ஊரில் காட்டிக்கொள்ள ஐஃபெல் போட்டோ உதவாது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், முதல் செமஸ்டரில் அது பெரிய விஷயம்.

காரை வாடகைக்கு எடுக்கலாமே என்று நாலு பேர் கூடினால் ஒருவராவது சொல்வார். இந்திய லைசென்ஸ் குடியேறிய முதல் ஆறு மாதம்தான் செல்லும். அந்த ஆறு மாதத்தில் வலப்பக்கம் ஓட்டவே தைரியம் வராது. விட்டுவிடுங்கள்.

அரைநாள்தான் இருக்கிறது என்றால் நெதர்லாந்தின் வால்ஸ் ஊர்ப் பக்கம் உள்ள முந்நாட்டுச் சந்திப்பு போதும். ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் தொடும் குன்று. சுமார் 322 மீட்டர், ஐரோப்பிய நெதர்லாந்தில் அதுவே உச்சி. ஒரு துத்தநாகச் சுரங்கத்துக்காக நாடுகள் அடித்துக்கொண்டதில் 1816இலிருந்து முதல் உலகப் போர் காலம்வரை மோரஸ்நெட் என்ற பொது நிலத் துண்டு ஒன்றும் அங்கே இருந்தது.

பக்கத்து மலை, ராத்திரி பஸ் இரண்டிலும் சேராத இன்னொன்று ஹாம் என்ற ஜெர்மன் ஊர். ஆகனில் ஆர்இ1 என்ற ரீஜனல் ரயிலில் ஏறினால் கொலோன், டுசல்டார்ஃப், எஸ்ஸன், டார்ட்மண்ட் என்று மாறாமலே ஹாம் போகலாம், சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் ஊன்ட்ராப். தொழிற்பேட்டை நடுவே திடீரென்று கோபுரம் தெரியும். ஈழத் தமிழர்கள் கட்டி 2002இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சி அம்பாள் கோவில். கோடைத் தொடக்கத்தில் தேர் ஓடும். காவடி, வேப்பிலை, ஜெர்மன் போலீஸ் எல்லாம் ஒரே தெருவில். போன முதல் தடவை பந்தியில் ஒரு பாட்டி, "சாப்பிட்டனீங்களோ தம்பி? வடிவாச் சாப்பிடுங்கோ" என்று இன்னொரு கரண்டி வைத்தார். ஆறு மாதமாக அப்படி யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. பயணச் செலவு பூஜ்யம், இரவு பத்து மணிக்கு அறைக்குத் திரும்பிவிட்டேன், கையில் மறுநாளுக்கும் புளியோதரை.

இரண்டு வருடத்தில் பாரிஸ் ஒருமுறை, ஆம்ஸ்டர்டாம் ஒருமுறை, ஹாம் மூன்று முறை. ஐஃபெலை எண்ணவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: ராத்திரி பஸ்ஸை செமஸ்டருக்கு ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், அதையும் தேர்வு முடிந்த வாரத்துக்குத் தள்ளுங்கள், 26 வயது ஆவதற்குள் லூவரைப் பார்த்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் வியாழக்கிழமையே மளிகை வாங்கி வைத்துவிடுங்கள்.